பார்க்காத படத்துக்காகச் சண்டை போட்ட ப்ளர் சார்

காலை ஏழே முக்காலுக்கு நகரியிலிருந்து என் கணவரின் அண்ணன் போன் செய்து அழுதார். சந்தோஷ அழுகை.

"ஏம்மா, நம்ம வம்சத்துலயே மொத டாக்டரு! எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க! சரி, போவுது. தறிக்கொட்டாய்ல எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கினு இருக்கேன்."

எல்லாம் கெட ஆரம்பித்தது அந்த நேரத்தில்தான். ஏனென்றால் மருத்துவ நுழைவுத் தேர்வின் முடிவு முதல் நாள் சாயந்திரமே வந்துவிட்டது. என் மகள் தேறவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"மாமா, அப்படி ஒண்ணும் இல்லீங்க" என்று ஆரம்பித்தேன். "அடக்கம் வேணும்தான், அதுக்காக இவ்ளோ கூடாதும்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அந்த மைசூர்பாகு என்ன ஆனது என்று கேட்காதீர்கள். தறிக்காரர்கள் தின்றார்கள், அவ்வளவுதான்.

மேலே போவதற்கு முன் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். திருமலைக்கு வரும் கூட்டத்தை எல்லாம் ஒரே வரிசையில் நிறுத்திச் சலித்தாலும் அவரைப் போல இன்னொருவர் தேறமாட்டார். 'ஐ அக்ரீ' என்ற பட்டனை அழுத்துவதற்கு முன் அதற்கு மேலே எழுதியிருப்பதை முழுக்கப் படித்த ஒரே மனிதர் இந்த நாட்டில் அவர்தான். அதனாலேயே அவர் போனில் ஆப் எதுவும் கிடையாது. அவர் பாதி படிப்பதற்குள் கம்பெனிக்காரன் விதிகளை மாற்றிவிடுவான். மறுபடியும் முதலிலிருந்து படிப்பார்.

திருப்பதியில் எங்கள் அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். சித்தூர்ப் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்துவிட்டு, ஆலை மூடியதும் இங்கே வந்தவர். எங்களுக்கு அவர் ப்ளர் சார். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அனுமதி வாங்கவில்லை. என் மகளிடம் வாங்கினேன். "பேரை மாத்திட்டு எழுதிக்கோ" என்றாள். யாமினி என்பது அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர்.

ப்ளர் என்ற பெயர் ஒரு சுதந்திர தினத்தில் வந்தது. கொடியேற்றி முடித்து எல்லோரும் நின்று படம் எடுத்தோம். அதை ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டப்போகிறோம் என்று அசோசியேஷன் செயலாளர் சொன்னதும் இவர் கையைத் தூக்கினார். "என் மூஞ்சிக்கு நான் பர்மிஷன் கொடுக்கல." செயலாளர் ரோஷக்காரர். "அப்படியா சார்? நோ ப்ராப்ளம், ப்ளர் பண்ணிடலாம்" என்றார். மறுநாள் ஃப்ளெக்ஸ் வந்தது. இருபது முப்பது சிரித்த முகங்களுக்கு நடுவே, வெள்ளைச் சட்டையில் தேசியக் கொடி குத்திய ஒரு சாம்பல் நிறப் புகை நின்றுகொண்டிருந்தது. அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நல்லா வந்திருக்குது" என்றார்.

சூப்பர் மார்க்கெட்டில் அவருக்குப் பின்னால் நிற்பவர்கள் பாவம் செய்தவர்கள். பில் போடும் பெண் போன் நம்பர் கேட்பாள்.

"எதுக்கும்மா?"

"பில்லுக்கு சார்."

"பில்லு எனக்குப் போன் பண்ணுமா?"

"சிஸ்டம் கேக்குது சார்."

"சிஸ்டத்துக்கு நான் பேசறேன், அதை வரச் சொல்லு."

லிஃப்டுக்கு எதிரே வைத்த சிசிடிவி கேமரா தன் வீட்டு வாசலைப் பார்க்கிறது என்று மூன்று கூட்டங்களில் வாதாடினார். கடைசியில் செயலாளர் வெறுத்துப்போய்க் கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டார். ஒருமுறை யாருடைய சைக்கிளோ காணாமல் போனபோது பதிவை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு பல்லியின் குடும்ப வாழ்க்கை முழுவதும் துல்லியமாகப் பதிவாகியிருந்தது. சைக்கிள் கிடைக்கவில்லை.

அவர் சொல்வதெல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு விநாயக சவிதிக்கு, அதாவது நம் பிள்ளையார் சதுர்த்திக்கு, பந்தலில் பாட்டுப் போட்டதும் வந்து பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டார். "பாட்டுக்காரனுக்கு உரிமை இருக்குது. லைசென்ஸ் எங்க?" பிள்ளையார் ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் இரண்டாம் மாடி வக்கீல் இறங்கி வந்து, கோயில் திருவிழா, பூஜை போன்றவற்றுக்குக் காப்பிரைட் சட்டத்திலேயே விலக்கு உண்டு என்று காட்டினார். ப்ளர் சார் அதை அங்கேயே நின்று படித்தார். படித்துவிட்டு மைக்கை வாங்கி, தமிழிலும் தெலுங்கிலும், "நான் சொன்னது தப்பு. பிள்ளையார் மன்னிக்கணும்" என்று அறிவித்துவிட்டுத் தன் கையாலேயே பாட்டைப் போட்டார். எல்லோரும் கைதட்டினோம். ஆரத்தி முடிந்து கற்பூரம் அணைந்த நொடியில் பாட்டும் நின்றது. "விலக்கு பூஜைக்குத்தான். சுண்டலுக்கு இல்ல" என்றார்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. அவருடைய கல்யாண ஆல்பம் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. ஸ்கேன் செய்து வைக்கலாம் என்றார் அவர் மனைவி. இவர் சட்டத்தைத் திறந்தார். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் போட்டோவின் உரிமை என்று அதில் இருந்தது. கல்யாணத்தில் போட்டோக்காரருக்குக் காசு கொடுத்தவர் மாமனார். உடனே பஸ் ஏறி கங்காதர நெல்லூருக்குப் போய், வயலில் மடை திருப்பிக்கொண்டிருந்த மாமனாரிடம், "மாமா, நம்ம கல்யாணப் படத்தை நான் நகல் எடுக்கலாமா?" என்று கேட்டார். மாமனார் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு இவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"பொண்ணையே கொடுத்துட்டேன். போட்டோவுல இன்னாய்யா இருக்குது உனக்கு?"

"அது வேற உரிமை மாமா" என்றிருக்கிறார் இவர்.

இப்படிப்பட்டவரை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் கேலி செய்தோம். நானும்தான். அந்தக் காலை வரைக்கும்.

நகரி மாமா போனை வைத்ததும் அடுத்த போன், அதற்கு அடுத்தது. யாரோ அனுப்பி வைத்த படத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கியது. திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டர். பரீட்சைக்கு முன்னால் இலவச மாடல் டெஸ்ட் வைத்தார்கள் என்று யாமினி ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் எழுதினாள். அங்கே ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அந்த மாடல் டெஸ்டில் மூன்றாவதாக வந்திருந்தாள். இப்போது முடிவுகள் வந்த மறுநாள் காலையில், அவள் போட்டோவைப் பெரிதாகப் போட்டு, பெயர் போட்டு, '3-வது ரேங்க்' என்று தெலுங்கில் கொட்டை எழுத்தில் போட்டு வாட்ஸப்பில் ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். 'மாடல் டெஸ்ட்' என்பது அடியில் எறும்பு அளவில் இருந்தது. எறும்பை யார் படிக்கிறார்கள்?

சித்தூர் ஆபீசுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த என் கணவர் கூப்பிட்டார். "பஸ்ல தெரிஞ்சவங்க எல்லாம் கை கொடுக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

"இல்லன்னு சொல்லுங்க."

"கண்டக்டர் டிக்கெட்டு வாணான்னுட்டாரு. இப்ப எப்படிச் சொல்றது?"

வாசலில் பெல். எதிர்வீட்டு அம்மா, மேல்வீட்டு அம்மா, எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனிலும் என் மகள். நான் கதவைப் பாதி மூடிக்கொண்டு நின்றேன். இவர்களிடம் இப்போது உண்மையைச் சொன்னால், நாளைக்கு ஊர் என்ன சொல்லும்? அந்தப் பெண் பொய் ரேங்க் போட்டுக்கொண்டாள் என்றுதானே? தேறாததே அவளுக்குப் பெரிய அடி. இதற்கு அப்புறம் அவள் எந்த முகத்தோடு தெருவில் இறங்குவாள்? உள்ளே அறைக்கதவைத் தட்டினேன். "போம்மா" என்று மட்டும் ஒரு குரல் வந்தது.

அப்போதுதான் ப்ளர் சார் படியேறி வந்தார். மேல்வீட்டு அம்மா, "சார், பாத்தீங்களா நம்ம யாமினிய?" என்று போனை நீட்டியதும் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணைக் கேட்டுட்டுப் பாக்கறேன்மா."

"ஊரே பாத்துடுச்சு சார்!"

"ஊரு கேக்கல. நான் கேக்கறேன்."

அவரை மட்டும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். "சார், அது பொய் சார். அவ பாஸ் ஆகல" என்றேன். அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தச் சாமர்த்தியமெல்லாம் அவருக்குக் கிடையாது. "படம் போட யாரு பர்மிஷன் கொடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

"அவளுக்கு இன்னா வயசு?"

"பதினேழு."

"அப்ப சட்டப்படி உங்க பர்மிஷன் போதும். நான் போயிப் பேசலாம்."

"கொடுத்தேன் சார், போங்க."

போகவில்லை. நின்றார். "சட்டத்துக்குப் போதும். ஆனா படத்துல இருக்கறது நீங்க இல்லியேம்மா."

யாமினியின் அறைக்கதவுக்கு முன் போய், கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ அதிகாரி அறைக்கு வெளியே நிற்பவர் போல நின்றார்.

"யாமினி, நான் கீழ்வீட்டு சார். அந்தப் படத்தை நான் பாக்கலாமா?"

அன்று காலையிலிருந்து அவளிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான் என்று எனக்கு அப்போது உறைத்தது. நான்கூட, கதவைத் திற, சாப்பிடு, அழாதே என்றுதான் சொல்லியிருந்தேன்.

"வேணாம் சார்."

"சரிம்மா, பாக்கல. அதை எடுக்கச் சொல்லிப் போயிக் கேக்கலாமா?"

"கேளுங்க."

"உங்கம்மா கூட வரட்டுமா?"

"உங்க இஷ்டம் சார்."

"என் இஷ்டம் இல்லம்மா. உன் இஷ்டம்."

"...வரட்டும்."

ஆட்டோவில் போனோம். ஏறியதுமே சொல்லிவிட்டார்: "வழியில எங்கியாவது ஒட்டியிருந்தா முன்னாடியே சொல்லுங்க." பஸ் ஸ்டாண்டு தாண்டியதும் ஒரு கம்பத்தில் யாமினி தெரிந்தாள். "சார், லெஃப்ட்டு!" என்றேன். அவர் வலது பக்கம் திரும்பிக்கொண்டார். "சார், ரைட்லயும் இருக்குது!" தலையைக் குனிந்து தன் செருப்பைப் பார்த்தபடி மீதி வழியெல்லாம் வந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, "சாருக்கு வாந்தியா?" என்று கேட்டார்.

சென்டருக்குள் நுழைந்ததும் எதிர்ச்சுவர் முழுக்க என் மகள். ஆள் உயரத்துக்கு. சொன்னேன். ப்ளர் சார் பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து போய், ஒரு நாற்காலியைத் தெருப் பக்கம் திருப்பிப் போட்டு, சுவருக்கும் மேனேஜருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். மேனேஜர் இளைஞர், டை கட்டியிருந்தார்.

"ஏமண்டி, இட்டு சூடண்டி" என்றார் மேனேஜர். இந்தப் பக்கம் பாருங்கள் என்கிறார்.

"பாக்கக் கூடாது" என்றார் ப்ளர் சார், வெளியே போகும் பஸ்ஸைப் பார்த்து.

"எதைப் பாக்கக் கூடாது?"

"அந்தப் படத்தை. பர்மிஷன் இல்ல."

"பாக்காமலேயா சண்டைக்கு வந்தீங்க? ஒருவாட்டி பாத்துட்டுச் சொல்லுங்க சார், எவ்ளோ நல்லா வந்திருக்குது! இந்தப் பாப்பாவுக்கு இது எங்க ஃப்ரீ பப்ளிசிட்டி. மத்தவங்க காசு கொடுத்துக் கேக்கறாங்க."

"அவங்க படத்தைப் போடுங்க."

"டெஸ்ட்டுக்குப் பதிவு பண்ணும்போதே எல்லாத்துக்கும் ஓகே கொடுத்திருக்காங்க சார்."

"பரீட்சை எழுதத்தான் கொடுத்தா. கல்யாணத்துல சாப்பிட வந்தவனைப் புடிச்சு மணையில உக்கார வெச்சி, இவன்தான் மாப்பிள்ளன்னு சொல்வீங்களா?"

பிறகு ஒரு செக்‌ஷன் நம்பரைக் கம்பீரமாகச் சொன்னார். மேனேஜர் கொஞ்சம் வெளுத்தார். நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அந்தச் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் கையெழுத்துப் போடுவதைப் பற்றியது. மேனேஜருக்கும் தெரியாது என்பதால் அப்போதைக்கு வேலை செய்தது.

ஆனாலும் மேனேஜர் மசியவில்லை. அட்மிஷன் காலம், பிள்ளைகளோடு பெற்றவர்கள் வாசல் பக்கம் வரிசையில் நின்றிருந்தார்கள். முன்னால் ஒரு புத்தூர்க்காரர், வேட்டி கட்டியவர், ரிசப்ஷன் பெண் நீட்டிய டேப்லெட்டில் போன் நம்பரைக் குத்திக்கொண்டிருந்தார். ப்ளர் சார் அவரைப் பார்த்து, "அண்ணா, அந்த நம்பரு எங்க போவுதுன்னு கேட்டீங்களா?" என்றார்.

புத்தூர்க்காரரின் விரல் நின்றது. "எங்க போவுதும்மா?" என்று ரிசப்ஷன் பெண்ணைக் கேட்டார்.

"சிஸ்டத்துக்கு."

"சிஸ்டம் எங்க இருக்குது?"

"பெங்களூர்ல."

"எம்புள்ள இங்கதானே படிக்கப்போறான்? அவன் நம்பரு ஏன் பெங்களூருக்குப் போவுது?"

பின்னால் நின்ற அம்மாள், "ஆமா, போன வாட்டி ஒரு எடத்துல நம்பரு கொடுத்ததுலருந்து நெலம் வாங்கச் சொல்லிப் போன் மேல போனு" என்றார். அதற்குப் பின்னால் இன்னொருவர். வரிசையில் ஒருவரும் டேப்லெட்டைத் தொடவில்லை. மேனேஜர் டையைத் தளர்த்தினார்.

"சரி சார். எடுத்துடறேன். ஆனா நீங்க யாரு? சொந்தமா?"

"கீழ்வீடு."

"பாருங்க! அந்தப் பாப்பா வந்து எடுங்கன்னு சொல்லட்டும். எடுத்துடறேன்."

வரமாட்டாள் என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் அது தெரிந்தது. "நான் போயி அவளை இழுத்துக்கினு வரேன்" என்று எழுந்தேன்.

"வாணாம்மா" என்றார் ப்ளர் சார், திரும்பாமலே.

"அப்ப இது இப்படியே தொங்கணுமா சார்?" எனக்கு அவர் மேலேயே கோபம் வந்தது. "சட்டம் பேசறீங்களே, பெத்த வயித்துக்கு ஒரு சட்டம் இருக்குதா?"

"இல்லம்மா" என்றார். "விஷயத்த மட்டும் அவளுக்குச் சொல்லுங்க. வான்னு சொல்லாதீங்க."

மெசேஜ் எழுதினேன். 'உடனே வா' என்று எழுதி, அழித்தேன். 'நீ வந்து சொன்னால் எடுப்பார்களாம். கட்டாயம் இல்லை என்கிறார் சார்' என்று அனுப்பினேன். அதில் என் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் சுவரில் என் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிசப்ஷன் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர், "இதுக்கு நம்பரு வேணுமா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தார்.

ப்ளர் சார் இப்போது குப்பம் என்ற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். எங்களிடம் அவர் நம்பர் இல்லை, யாரிடமும் இல்லை. இந்தப் பக்கம் வரும்போது முன்னறிவிப்பு இல்லாமல் வந்து கதவைத் தட்டி, "வரலாமா?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வெளியிலேயே நிற்பார். நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகப் பதில் சொல்வேன். அப்படி ஒருவர் நிற்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

அன்றைக்கு டீ டம்ளர் காலியான பிறகு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. தலை வாராமல், முகம் வீங்கி, வீட்டுச் செருப்போடு யாமினி இறங்கினாள். வரிசையில் இருந்தவர்கள் சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். யாரோ கைதட்ட ஆரம்பித்தார்.

"கைதட்டாதீங்க" என்றாள். வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கேட்டது. "நான் பாஸ் ஆகல. அது இவங்க வெச்ச மாடல் டெஸ்ட் ரேங்க்கு. என்னைக் கேக்காம போட்டுட்டாங்க. கழட்டுங்க சார்."

மேனேஜர் ஓடி வந்தார். "பாப்பா, உள்ள வாம்மா. ரூம்ல உக்காந்து பேசலாம்."

"இங்கியே பேசலாம் சார். வெளியதானே மாட்டினீங்க?"

புத்தூர்க்காரர் டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தார். மேனேஜர் ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏணி வந்தது. வாட்ஸப் குழுக்களில் அனுப்பிய படத்தை அழித்து, தவறு என்று ஒரு வரி போடவும், கம்பங்களில் இருப்பதைக் கழற்ற ஆள் அனுப்பவும் சொன்னார். நான் அழுதுகொண்டே என் மகளின் தலையைக் கையாலேயே கோதிவிட்டேன். அவள் தடுக்கவில்லை. ஃப்ளெக்ஸ் கிழிகிற சத்தம், சுருட்டுகிற சத்தம், ஏணி இறங்குகிற சத்தம். இத்தனைக்கும் ப்ளர் சார் அசையாமல் தெருவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்.

யாமினி அவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

"சார், சுருட்டியாச்சு. இப்ப திரும்பி என்னைப் பாருங்க."